கொடுக்கக் கற்கும் குழந்தைகள்
(திருவருகைக்கால வானொலிச் சிந்தனை)

கிறிஸ்து பிறப்பு விழா நாளில் நம் வீட்டுக்கு வரும் உறவினர்கள் குழந்தைகளிடம் கேட்கும் முதல் கேள்வி என்ன? "புதுத்துணி எடுத்தாச்சா? அப்பா என்ன வாங்கிக் கொடுத்தாங்க? தாத்தா என்ன கொடுத்தாங்க?" அன்பினால் கேட்கிறோம், அதில் தவறு இல்லை. ஆனால் எல்லாக் கேள்விகளும் ஒரே திசையில் போகின்றன. உனக்கு என்ன வந்தது என்றுதான் கேட்கிறோம். உன் கையிலிருந்து யாருக்கு என்ன போனது என்று கேட்பவர்கள் குறைவு. ஆண்டுதோறும் இப்படிக் கேட்டுக் கேட்டு, கிறிஸ்துமஸ் என்பது வாங்கும் நாள் என்று நாமே குழந்தைகளுக்குப் பாடம் நடத்திவிடுகிறோம்.

பெறுவதைவிடக் கொடுப்பதிலேயே பேறு இருக்கிறது என்று ஆண்டவர் இயேசு சொன்னதாகப் புனித பவுல் எபேசு சபையின் மூப்பர்களுக்கு நினைவூட்டினார் (திப 20:35). பெரியவர்களாகிய நாம் இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். குழந்தை இதைக் கேட்டு நம்பாது. செய்து பார்த்துத்தான் நம்பும். செய்து பார்க்க நாம் எப்படி வழி அமைத்துக் கொடுப்பது? இதைப் பற்றி இன்று சிந்திப்போம்.

முதலில் நற்செய்தியில் வரும் ஒரு சிறுவனைப் பார்ப்போம். ஐயாயிரம் பேர் உணவு உண்ட நிகழ்ச்சியை நான்கு நற்செய்தியாளர்களும் எழுதியிருக்கிறார்கள். அந்த உணவு ஒரு சிறுவனிடமிருந்து வந்தது என்று சொல்பவர் யோவான் மட்டுமே (யோவா 6:9). ஐந்து வாற்கோதுமை அப்பம்; இரண்டு மீன். வாற்கோதுமை அந்நாளில் ஏழைகளின் தானியம். மீனுக்கு யோவான் பயன்படுத்தும் கிரேக்கச் சொல், அப்பத்தோடு தொட்டுக்கொள்ளும் சிறுமீனைக் குறிக்கும். நம் வீட்டுக் கஞ்சிக்குச் சாளைக் கருவாடு போல என்று வைத்துக்கொள்ளலாம். அதை இயேசுவிடம் சொன்னவர் மீனவரான அந்திரேயா. சொல்லும்போதே, இத்தனை பேருக்கு இது எம்மாத்திரம் என்ற தயக்கமும் அவருக்கு இருந்தது. பெரியவர் கணக்குப் பார்த்தார். சிறுவனோ தன்னிடம் இருந்ததைக் கொடுத்தான். இயேசு அந்தச் சிறு கையிலிருந்து தொடங்கினார்.

நம் முத்துக்குளித்துறைக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. புனித பிரான்சிஸ் சவேரியார் 1542ஆம் ஆண்டு இந்தக் கடற்கரைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் சரியாகத் தெரியாது, ஊர்களோ பல. கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் முதலில் பிள்ளைகளைத்தான் கூட்டினார். சாப்பிடவும் தூங்கவும்கூட விடாமல், இன்னொரு செபம் கற்றுக் கொடுங்கள் என்று அவர்கள் தம்மைச் சூழ்ந்துகொண்டதாக 1544ஆம் ஆண்டு சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே குறிப்பிடுகிறார். நோயாளிகளிடம் வரும்படி பல வீடுகளிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. எல்லா வீட்டுக்கும் போக முடியாத நிலையில், செபம் கற்ற பிள்ளைகளை அவர் அனுப்பினார். அவர்கள் நோயாளியின் வீட்டுக்குப் போய், வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி வைத்து, நம்பிக்கை அறிக்கையும் செபங்களும் சொன்னார்கள்.

அந்தப் பிள்ளைகளிடம் பணம் இல்லை. இருந்தது இரண்டு கால்கள், புதிதாகக் கற்ற செபம், விளையாட்டு நேரம். அதைக் கொடுத்தார்கள். ஆகவே "எங்களுக்கே போதவில்லை, பிள்ளைகள் கொடுக்க என்ன இருக்கிறது?" என்று நம் கரையில் பிறந்த எவரும் சொல்ல வேண்டியதில்லை. நம் முன்னோர் வீட்டுப் பிள்ளைகள் ஏறத்தாழ 480 ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்துப் பழகியவர்கள்.

அன்பு நேயர்களே, குழந்தைக்குக் கொடுக்கக் கற்பிப்பதில் மூன்று காரியங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, குழந்தை கொடுப்பது குழந்தையுடையதாக இருக்க வேண்டும். ஞாயிறு திருப்பலியில் காணிக்கை எடுக்கும் நேரத்தில் அம்மா பத்து ரூபாயைப் பிள்ளையின் கையில் திணிக்கிறார். பிள்ளை அதைப் பையில் போடுகிறது. நல்ல பழக்கம்தான். ஆனால் அங்கே கொடுத்தவர் அம்மா. பிள்ளை தூக்கிச் சென்றது, அவ்வளவே. தன் உண்டியலிலிருந்து தானே எண்ணி எடுத்த ஐந்து ரூபாயில்தான் கொடுத்தலின் வலியும் இருக்கிறது, மகிழ்ச்சியும் இருக்கிறது. 1843ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ஆயர் ஃபோர்பின் ஜான்சன் திருப்பாலத்துவ சபையைத் தொடங்கியபோது பிள்ளைகளிடம் கேட்டது இரண்டே காரியம்: நாளுக்கு ஓர் அருள் நிறைந்த மரியே செபம், மாதத்துக்கு ஒரு சிறு காசு. குழந்தைக்குக் குழந்தை உதவுவது என்பதே அதன் அடிப்படை. பெரிய தொகை கேட்டிருந்தால் அது பெற்றோரின் சபையாகப் போயிருக்கும். சிறு காசு கேட்டதால்தான் பிள்ளைகளின் சபையாக இன்றுவரை நிற்கிறது.

இரண்டாவது, கொடுப்பது நல்லதாக இருக்க வேண்டும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், திருக்குடும்பத் திருவிழா ஞாயிறு. ஆழிப்பேரலை வந்தது. இலங்கைத் தீவு நமக்கு அரணாக நின்றதால் தூத்துக்குடிக் கரையில் சேதம் குறைவு. குளச்சல், மணக்குடி, வேளாங்கண்ணி, நாகப்பட்டினம் பகுதிகளில் நம் கடலோர மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். நாடெங்குமிருந்து உதவி வந்தது; அந்த அன்பை மறக்கக் கூடாது. ஆனால் அந்த உதவியோடு லாரி லாரியாகப் பழைய துணியும் வந்தது. கிழிந்தவை, அழுக்கானவை, எவரும் உடுத்த முடியாதவை. நாகப்பட்டினம் பகுதியில் அவை சாலையோரங்களில் குவிந்து கிடந்ததை அந்நாளின் செய்தித்தாள்கள் படத்தோடு வெளியிட்டன. உழைத்துச் சாப்பிட்ட மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொட மறுத்தன. எல்லாம் இழந்தவருக்கும் மானம் இருக்கிறது என்பதைக் கொடுத்தவர்களில் சிலர் நினைத்துப் பார்க்கவில்லை.

கழிப்பது வேறு, கொடுப்பது வேறு. அலமாரியைக் காலி செய்ய உடைந்த பொம்மையை எடுத்துக் கொடுக்கச் சொன்னால், ஏழை என்பவர் நம் மிச்சத்துக்கு உரியவர் என்றுதான் பிள்ளை கற்றுக்கொள்ளும். "இதை உனக்கு யாராவது கொடுத்தால் உனக்குச் சந்தோஷமாக இருக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வி போதும். பிள்ளை தானாகவே உடைந்ததை ஒதுக்கிவிட்டு நல்லதை எடுக்கும். ஒரு நிமிடம் தயங்கும், தயங்கட்டும். ஒரு கன்னத்தில் ஏக்கமும் மறு கன்னத்தில் சிரிப்புமாக அது எடுத்துக் கொடுக்கும் நேரமே பாடம் நடக்கும் நேரம்.

மூன்றாவது, பெறுகிறவர் தலை குனியக் கூடாது. நான்காம் நூற்றாண்டில் மீரா நகரின் ஆயராக இருந்த புனித நிக்கோலாஸ்தான் பின்னாளில் கிறிஸ்துமஸ் தாத்தாவாக மாறினார். சீதனம் கொடுக்க வழியின்றித் தவித்த ஒரு தந்தையின் மூன்று பெண்களுக்காக, இரவு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் அவர் பொன்முடிப்பை வீட்டுக்குள் போட்டார் என்று மரபு சொல்கிறது. இன்று நாம் என்ன செய்கிறோம்? ஐந்து கிலோ அரிசிக்குப் பத்துப் பேர் நின்று படம் எடுக்கிறோம். வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று ஆண்டவர் சொல்லியிருக்க (மத் 6:3), அது கைபேசியில் ஊருக்கெல்லாம் தெரிகிறது. படத்தில் நிற்கும் ஏழைப் பிள்ளையும் மறுநாள் அதே பள்ளிக்கூடத்தில், அதே வகுப்பில் உட்கார வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம்.

நம் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். உப்பளத்தில் உற்பத்தி இல்லை. வெயிலில் நின்று உப்பு வாரிய குடும்பங்களுக்கு அந்த மாதங்களில் கூலி இல்லை. அதனால்தான் அந்த மாதங்களுக்கென்று உப்பளத் தொழிலாளர்க்கு அரசே 5000 ரூபாய் நிவாரணம் வழங்கத் தொடங்கியது. அதே நாள்களில் கடலில் காற்றும் புயல் எச்சரிக்கையும் இருந்தால் படகும் கரையில்தான். கிறிஸ்துமஸ் சரியாக அந்த நேரத்தில் வருகிறது. நம் பிள்ளையின் வகுப்பிலேயே, மறைக்கல்வி வகுப்பிலேயே, இந்த ஆண்டு புதுத்துணி இல்லாத பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். "உன் வகுப்பில் யாருக்கு என்ன தேவை என்று உனக்குத் தெரியுமா?" என்று நம் பிள்ளையிடம் கேட்போம். தெரியவில்லை என்றால் கவனிக்கச் சொல்வோம். கொடுப்பதற்கு முன் பார்க்கத் தெரிய வேண்டும். அதன்பின், பங்குத்தந்தை வழியாகவோ வின்சென்ட் தே பவுல் சபை வழியாகவோ, பெயர் தெரியாமல் அது போய்ச் சேரட்டும்.

இந்த மூன்றையும் நம் மாவட்டத்தில் ஓர் ஊரே வாழ்ந்து காட்டியது. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 நாள்களில், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு, பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரைபுரண்டது; தூத்துக்குடித் தெருக்களில் தண்ணீர் நின்றது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. சுற்றிலும் வெள்ளம். சிலரை அருகிலிருந்த பள்ளிக்கு மாற்றினார்கள். மற்றவர்கள் ரயில் நிலையத்திலேயே அகப்பட்டுக்கொண்டார்கள். அரசின் உதவி வந்து சேரும் முன்பே பக்கத்துப் புதுக்குடி ஊர் மக்கள் தங்கள் வீட்டு அரிசியையும் பருப்பையும் கொண்டுவந்து, ஊர்க் கோயிலில் அடுப்பு மூட்டிச் சமைத்துப் போட்டார்கள். அவர்களும் அதே மழையில் நனைந்தவர்கள்தான். உண்டவர் எந்த ஊர், எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் அன்று அதைக் கண்ணால் பார்த்தார்கள். எந்த மறையுரையும் அதைவிட நன்றாகக் கற்பிக்க முடியாது. இந்து சகோதரர்களிடமிருந்து நாம் பெற்ற கிறிஸ்துமஸ் செய்தி அது.

பெற்றோரே, பிள்ளை நம் சொல்லைவிட நம் கையைத்தான் பார்க்கிறது. வீட்டு வாசலுக்கு வருபவரிடம் நாம் பேசும் தொனியை அது கேட்கிறது. பக்கத்து வீட்டு இஸ்லாமியக் குடும்பத்துக்கு அச்சுமுறுக்கும் மக்ரூனும் தட்டில் வைத்து அனுப்பும்போது, முழுதாக இருப்பதை வைக்கிறோமா, உடைந்ததை வைக்கிறோமா என்று பார்க்கிறது. தட்டை எடுத்துக்கொண்டு போகும் வேலையையும் பிள்ளைக்கே கொடுங்கள். அந்த வீட்டார் வாசலில் நின்று சிரிக்கும் முகத்தைப் பிள்ளை பார்க்கட்டும். கொடுப்பதன் மகிழ்ச்சி அந்த முகத்தில்தான் இருக்கிறது. நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

திருவருகைக்காலத்தின் நான்கு வாரங்களுக்கும் எளிய வழி ஒன்று உண்டு. முதல் வாரம், பிள்ளை தன் பெயரில் ஓர் உண்டியல் வைக்கட்டும். இரண்டாம் வாரம், நம் தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியையோ நோயாளியையோ போய்ப் பார்க்கட்டும். சவேரியார் அனுப்பிய பிள்ளைகளைப் போல ஒரு செபம் சொல்லிவிட்டு வரட்டும். மூன்றாம் வாரம், குடும்பத்தைவிட்டுக் கப்பலிலேயே கிறிஸ்துமஸ் கழிக்கும் மாலுமி ஒருவருக்குத் தன் கையால் ஒரு வாழ்த்து அட்டை வரையட்டும்; துறைமுக நகரத்துப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நான்காம் வாரம் உண்டியலைத் திறந்து, யாருக்கு என்று குடும்பமாகப் பேசி முடிவு செய்யட்டும். கடைசி முடிவு பிள்ளையுடையதாக இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. கட்டாயப்படுத்த வேண்டாம். முகம் வாடியோ கட்டாயத்தினாலோ அல்ல, முகமலர்ச்சியோடு கொடுப்பவரையே கடவுள் விரும்புகிறார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார் (2 கொரி 9:7). பிள்ளை இந்த ஆண்டு தர மறுத்தால் திட்டாதீர்கள். அடுத்தவர் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். நம் கடல் முத்து ஒரே நாளில் விளைவதில்லை. சிப்பிக்குள் படலம் படலமாகத்தான் சேர்கிறது. தாராள மனமும் அப்படித்தான்.

இன்னொன்று: இல்லாத வீட்டுப் பிள்ளையை எப்போதும் வாங்குகிறவராகவே வைத்துவிடாதீர்கள். பாடும் குரல் அந்தப் பிள்ளைக்கு இருக்கலாம். குடில் கட்டும் கைத்திறன் இருக்கலாம். கொடுக்கும் மகிழ்ச்சி அந்தப் பிள்ளைக்கும் உரியது. கோவில் காணிக்கைப் பெட்டியருகே இயேசு பாராட்டியது ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசுகளைத்தானே?

அன்பு நேயர்களே, நம் ஆலயத்துக் குடிலில் ஞானியர் மூவரும் பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் ஏந்தி நிற்கிறார்கள். ஆனால் அவர்கள் வருவதற்கு முன்பே அங்கே ஒரு கொடை தரப்பட்டுவிட்டது. தந்தையாம் கடவுள் தம் மகனையே தீவனத் தொட்டியில் கிடத்தி நமக்குத் தந்துவிட்டார். மிச்சத்தைத் தரவில்லை, தம்மிடமிருந்த மிகச் சிறந்ததைத் தந்தார். இந்த ஆண்டு பிறப்பு விழாத் திருப்பலி முடிந்து குடில் முன் முழந்தாளிடும்போது, நம் பிள்ளையின் காதில் மெல்லக் கேட்போம்: "நீ யாருக்கு என்ன கொடுத்தாய்?" சொல்வதற்கு ஒரு பதில் அந்தப் பிள்ளையிடம் இருக்க வேண்டும் என்று இன்றே பாலன் இயேசுவிடம் மன்றாடுவோம். கேட்கும் நம்மிடமும் ஒரு பதில் இருக்கட்டும்.