மறதி தொடங்கும் முதியோருக்கு நடைப்பயிற்சியும் பிறருடனான பழக்கமும் எந்த அளவுக்கு உதவும்?

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 சதவீதத்தினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியா எனப்படும் மறதிநோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு தெரிவிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமப்புறங்களிலும் இந்நோய் அதிகம் காணப்படுகிறது. எனவே இது ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டத்தில் உள்ள நாராயணவனம் போன்ற சிற்றூர்களுக்கும் உரிய பிரச்சினையாகும்.

மறதிநோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இதுவரை கண்டறியப்படவில்லை. உடற்பயிற்சியும் பிறருடன் பழகுவதும் எந்த அளவுக்குப் பயன் தரும் என்ற கேள்வி இதனாலேயே முக்கியத்துவம் பெறுகிறது. அவற்றை எந்தக் கட்டத்தில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தே பயன் அமையும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

லேசான குறைபாடும் மறதிநோயும்

வயதுக்கு ஏற்றதைவிட நினைவாற்றல் குறைந்திருந்தாலும் அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ள முடிகிற நிலையை, லேசான அறிவாற்றல் குறைபாடு என மருத்துவர்கள் குறிப்பிடுகின்றனர். சமையல், பணம் எண்ணுதல், வழி அறிதல் போன்றவற்றுக்கே பிறர் துணை தேவைப்படும்போது அது மறதிநோயாகக் கருதப்படுகிறது. முதல் நிலையில் உள்ள அனைவரும் இரண்டாம் நிலைக்குச் செல்வதில்லை.

தொடக்க நிலையில் பயன்

லேசான குறைபாடுள்ள, உடலுழைப்புக் குறைந்த 296 முதியோரிடம் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. ஒரு பிரிவினர் வேகமான பயிற்சிகளையும், மற்றொரு பிரிவினர் தசைகளை நீட்டுதல், உடல் சமநிலை ஆகியவற்றுக்கான எளிய பயிற்சிகளையும் பயிற்சியாளர் துணையுடன் செய்தனர். ஓராண்டு முடிவில் இரு பிரிவினரிடமும் அறிவாற்றல் குறையவில்லை. பயிற்சியே செய்யாத பிரிவு இந்த ஆய்வில் இடம்பெறாததால், இதை இறுதி முடிவாகக் கொள்ள இயலாது. எனினும் பயிற்சிக்காக வெளியே வந்து பிறரைச் சந்தித்ததும் இந்தப் பயனுக்குக் காரணமாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

மறதிநோய் வரும் ஆபத்து அதிகமுள்ள 2,111 பேரிடம் அமெரிக்காவில் இரண்டு ஆண்டுகள் நடைபெற்ற மற்றோர் ஆய்வின் முடிவுகள் 2025-இல் வெளியாகின. உடற்பயிற்சி, உணவு, மூளைக்கான பயிற்சி ஆகியவற்றைத் தாமாகவே கடைப்பிடித்தவர்களிடமும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அடிக்கடி குழுவாகக் கூடி, வழிகாட்டுதலுடன் செய்தவர்களிடம் அது கூடுதலாக இருந்தது.

நோய் வந்த பின்

பிரிட்டனில் மறதிநோய் உறுதி செய்யப்பட்ட 494 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2018-இல் வெளியானது. கடினமான உடற்பயிற்சி அவர்களின் உடல் திறனை மேம்படுத்தியதே தவிர, நினைவிழப்பின் வேகத்தைக் குறைக்கவில்லை. ஆகவே, இந்தக் கட்டத்தில் நினைவை மீட்பதைவிட விழாமல் நடப்பது, நன்றாக உறங்குவது, மனச்சோர்வைத் தவிர்ப்பது ஆகியவையே பயிற்சியின் நோக்கமாக இருக்க வேண்டும்.

அதே நேரத்தில், லேசான, மிதமான மறதிநோய் உள்ளவர்கள் சிறு குழுவாகக் கூடி உரையாடுதல், பாடுதல், பொருள்களை அடையாளம் காணுதல் போன்றவற்றில் ஈடுபடும் அறிவாற்றல் தூண்டல் சிகிச்சை ஓரளவு பலன் தருகிறது. 14 அமர்வுகள் கொண்ட இந்த முறை, தமிழ் முதியோருக்கு ஏற்றவாறு மாற்றியமைக்கப்பட்டு சென்னையில் சோதித்துப் பார்க்கப்பட்டுள்ளது.

மரியாதையின் பெயரால் ஓய்வு

நம் குடும்பங்களில் பெரியவர்களை வேலை செய்யவிடாமல் உட்கார வைப்பது மரியாதையாகக் கருதப்படுகிறது. மறதி தெரியத் தொடங்கியதும் கடைக்குச் செல்வது, பூக்கட்டுவது, கணக்குப் பார்ப்பது என ஒவ்வொன்றாக அவர்களிடமிருந்து பறிக்கப்படுகிறது. 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு பட்டியலிட்ட, தவிர்க்கக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளில் உடலுழைப்பின்மையும் தனிமையும் இடம்பெற்றுள்ளன. செவித்திறன் குறைவு, உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவையும் அந்தப் பட்டியலில் உள்ளன.

என்ன செய்யலாம்?

65 வயதைக் கடந்தோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சியும், வாரத்தில் 3 நாள்களாவது உடல் சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. இதற்கு உடற்பயிற்சிக் கூடம் தேவையில்லை. நாராயணவனத்தில் கல்யாண வெங்கடேஸ்வரர் கோயிலுக்குத் துணையுடன் நடந்து சென்று வருவதும், அங்கே நாலு பேருடன் பேசி வருவதும் உடற்பயிற்சியாகவும் சமூகத் தொடர்பாகவும் அமையும். இதய நோய், மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்.

எல்லா மறதியும் மறதிநோய் அல்ல. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு ஆகியவற்றால் ஏற்படும் மறதியைச் சிகிச்சையால் சரிசெய்ய முடியும். எனவே, ‘வயதானால் அப்படித்தான்’ என ஒதுக்காமல் தொடக்கத்திலேயே பரிசோதிப்பது அவசியம். முதியோர் நலன் தொடர்பான வழிகாட்டுதலுக்கு 14567 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்.