படுக்கையில் விழுந்தால் எந்த பாலிசி கைகொடுக்கும்?

சம்பாதிப்பவர் திடீரென்று இறந்துபோனால் வீடு எப்படி நடக்கும் என்பது ஒரு கேள்வி. அவரே எண்பது வயதில் பக்கவாதம் வந்து நான்கு ஆண்டு படுக்கையில் கிடந்தால் செலவுக்கு எங்கே போவது என்பது வேறு கேள்வி. நம் வீடுகளில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு எண்டோமென்ட் பாலிசியோ மணிபேக் பாலிசியோதான் பீரோவில் இருக்கிறது. அது இரண்டுக்குமே போதாது.

முதல் கேள்விக்குப் பதில் டேர்ம் பாலிசி. "கட்டிய பணம் திரும்பி வராதே" என்றுதான் பலரும் தயங்குகிறார்கள். திரும்பி வராததால்தான் குறைந்த பிரீமியத்தில் பெரிய தொகை கிடைக்கிறது. பிள்ளைகள் தலையெடுத்து, வீட்டுக் கடன் அடையும் வரை அது இருந்தால் போதும். கடன் வாங்கித் தொழில் நடத்துபவர்கள், திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் (1874) கீழ் பாலிசி வேண்டும் என்று எடுக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். அந்தப் பணம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. கடன்காரர்கள் அதில் கைவைக்க முடியாது.

கிளைம் நிராகரிக்கப்படுவதற்கான விதை பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்திலேயே விழுந்துவிடுகிறது. "நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க சார், மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்று ஏஜென்ட் சொல்வார். சுகர், பிரஷர், பழைய ஆபரேஷன், புகைப்பழக்கம் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று குறித்துவிடுவார். ஆனால் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியது கையெழுத்துப் போட்டவரின் மனைவி. படிவத்தை நீங்களே நிரப்புங்கள். உண்மையைச் சொன்னால் பிரீமியம் கொஞ்சம் கூடலாம். கூடட்டும், கிளைம் உறுதியாகும்.

இன்ஷூரன்ஸ் சட்டம் (1938) 45ஆம் பிரிவின்படி, பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டால் எந்தக் காரணத்தைக் காட்டியும் நிறுவனம் அதைக் கேள்வி கேட்க முடியாது. பலருக்குத் தெரியாத ஒன்று இதில் உண்டு. பிரீமியம் கட்டாமல் காலாவதியான பாலிசியைப் புதுப்பித்தால், அந்த மூன்று ஆண்டுக் கணக்கு புதுப்பித்த நாளிலிருந்து மறுபடி தொடங்குகிறது. அதனால் பாலிசி காலாவதியாக விடாதீர்கள்.

பாலிசி கைக்கு வந்ததும் படித்துப் பாருங்கள். ஏஜென்ட் சொன்னதும் தாளில் இருப்பதும் வேறாக இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். சிறு பிடித்தம் போக மீதிப் பணம் வந்துவிடும். கிளைமை மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் உதவி எண் 155255.

இனி இரண்டாவது கேள்வி. மெடிக்ளைம் பாலிசி பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறோம். அது ஆஸ்பத்திரிச் செலவுக்கானது. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தபின் ஆகும் ஹோம் நர்ஸ் சம்பளம், டயப்பர், காற்றுப் படுக்கை, பிசியோதெரபி ஆகியவற்றை மாதக்கணக்கில் எந்தச் சாதாரண பாலிசியும் தருவதில்லை. எழுபது வயதைக் கடந்தவர்களுக்கான ஆயுஷ்மான் பாரத் அட்டையின் 5 லட்சமும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பயன்படும். மாதம் 25,000 ரூபாய் என்று வைத்தால் நான்கு ஆண்டுக்கு 12 லட்சம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இன்றைய 25,000 இருபது ஆண்டில் 80,000ஐத் தொடும். இன்று ஐம்பது வயதில் இருப்பவர் பார்க்க வேண்டிய கணக்கு இதுதான்.

இந்தச் செலவுக்கென்று தனியாக ஒரு சேமிப்பை, பிள்ளைகள் கல்யாணத்துக்குக்கூட எடுக்காமல், தங்கள் பெயரிலேயே கணவனும் மனைவியும் வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது இந்தச் செலவில் பெரும்பகுதி பணமாகத் தெரிவதில்லை. வேலையை விட்டுவிட்டு வரும் மகளோ மருமகளோ அதைத் தன் உடம்பாலும் வருமானத்தாலும் கொடுக்கிறாள். அதையும் செலவாகவே எண்ண வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை, பிசியோதெரபி, நோய்த்தணிப்புப் பராமரிப்பு ஆகியவை வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள்.

வீட்டைப் பிள்ளைக்கு செட்டில்மெண்ட் எழுதப் போகிறவர்கள், "கடைசிவரை எங்களைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதியிருந்து பிள்ளை கைவிட்டால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டம் (2007) 23ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை இல்லாத பத்திரத்தை வைத்துக்கொண்டு வாதாடுவது கடினம். எங்கே போவது என்று தெரியாதவர்கள் முதியோர் உதவி எண் 14567ஐ அழைக்கலாம்.