கல் ஒன்று, நம்பர் இரண்டு!
பாலிஷ் போட்ட சலவைக்கல்லுக்கு எந்த வரி?

மும்பை செம்பூரிலும் தாராவியிலும் இருந்து காலை ரெயிலில் தொற்றிக்கொண்டு, பேலார்டு எஸ்டேட்டில் உள்ள கிளியரிங் ஏஜெண்டு ஆபீசுகளுக்கு வேலைக்குப் போகும் தமிழர்கள் உண்டு. எந்தச் சரக்கு வந்தாலும் புத்தகத்தைப் பார்க்காமலே நம்பர் சொல்லும் பழைய குமாஸ்தாக்கள்கூட, பாலிஷ் போட்ட கல் வந்தால் பேனாவை மூடி வைத்துவிட்டு, "முதலில் கல்லைக் காட்டு" என்பார்கள்.

காரணம் இதுதான். இறக்குமதியாகும் ஒவ்வொரு சரக்குக்கும் பில் ஆப் என்ட்ரியில் எட்டு இலக்க நம்பர் ஒன்று குறிக்கவேண்டும். வரி எவ்வளவு, லைசென்சு வேண்டுமா என்பதெல்லாம் அந்த நம்பரைப் பொறுத்தது. கல்லுக்கோ சுங்க அட்டவணையில் இரண்டு வீடுகள். ஒன்று 25-ம் அத்தியாயம். மற்றது 68-ம் அத்தியாயம்.

பூமியில் இருந்து வெட்டி எடுத்த பாளம், அதை ரம்பத்தால் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ அறுத்த பலகை, இவை 25-ம் அத்தியாயம். சலவைக்கல்லுக்கு 2515, கருங்கல், மணற்கல் வகைகளுக்கு 2516. அறுப்பதற்கு மேலே ஒரு வேலை செய்துவிட்டால், அதாவது இழைத்தால், பாலிஷ் போட்டால், ஓரத்தைச் சரித்தால், கல் வீடு மாறி 6802-க்குப் போய்விடும். சலவைக்கல் தூளையும் சில்லுகளையும் சிமெண்டு அல்லது பிசின் சேர்த்து அச்சில் வார்த்த பலகை வேறு. அது செயற்கைக் கல், 6810.

காகிதமும் பென்சிலும்

அறுத்த கல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த அட்டவணைக்கான சர்வதேச விளக்கக் குறிப்பில் ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். மெல்லிய காகிதத்தைக் கல்லின்மேல் விரித்து, பென்சிலைப் படுக்கவைத்தாற்போல் பிடித்து மெதுவாகத் தேய்க்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத ரம்பக் கோடுகளும் காகிதத்தில் விழுந்துவிடும். பள்ளிப் பையன்கள் காசை வைத்துத் தேய்ப்பார்களே, அதே வித்தைதான்!

பெயரிலும் தகராறு உண்டு. கடையில் "பச்சை மார்பிள்" என்று விற்கும் சர்பன்டைன் கல் சுங்கக் கணக்கில் மார்பிளே அல்ல. அது மக்னீசியம் சிலிகேட்டு, 2516-ல் சேரும். சுண்ணாம்புக் கல் வகையிலும் 2515-ல் இடம்பெற ஒப்படர்த்தி 2.5 அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும். அதாவது ஆயிரம் கன சென்டிமீட்டர் கல் இரண்டரைக் கிலோவுக்குக் குறையக்கூடாது.

சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு

இந்தப் பெயர்த் தகராறு 1990-ல் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. அப்போது மார்பிள் இறக்குமதிக்கு லைசென்சு தேவை. மும்பைத் துறைமுகம் வழியாக ஒருவர் கல்பலகைகளைக் கொண்டுவந்து, "இது மார்பிள் அல்ல, வேறு சுண்ணாம்புக் கல், லைசென்சு தேவையில்லை" என்றார். "வியாபாரத்தில் இதை மார்பிள் என்றுதானே சொல்கிறார்கள்" என்றது சுங்க இலாகா. அபராதமும் விழுந்தது. அட்டவணையே மார்பிளையும் மற்றச் சுண்ணாம்புக் கற்களையும் தனித்தனியாகச் சொல்லியிருக்கும்போது கடைவீதிப் பேச்சைப் பார்க்கக்கூடாது, கல்லின் தன்மையைத்தான் பார்க்கவேண்டும் என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. அபராதம் ரத்தாயிற்று.

2016 அக்டோபர் 1-ந் தேதி முதல் மார்பிள் பாளங்களுக்கான கட்டுப்பாடு தளர்த்தப்பட்டு, அதற்குப் பதில் வரி 10 சதவீதத்தில் இருந்து 40 ஆக ஏறியது. அறுத்த பலகைக்கு 20 சதவீதம். வழக்கமாக மூலப்பொருளுக்குத்தான் வரி குறைவாக இருக்கும், இங்கே தலைகீழ். பிறகும் விகிதங்கள் மாறியிருக்கின்றன. போன வருஷத்து பில்லைப் பார்த்து இந்த வருஷத்து பில்லை எழுதுபவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

யார் தலையில் விடியும்?

2011 முதல் இறக்குமதி செய்பவரே வரியைக் கணக்கிட்டுக் கட்டும் முறை வந்துவிட்டது. சரக்கு வெளியே போய்விட்டதால் தப்பித்தோம் என்று நினைக்க முடியாது. குறைந்த வரியை இரண்டு வருடத்துக்குள் கேட்கலாம். தெரிந்தே மறைத்ததாக முடிவானால் ஐந்து வருடம்வரை கேட்கலாம். வரிக்குச் சமமான அபராதமும் வரும். ஏஜெண்டின் லைசென்சுக்கும் ஆபத்து. ஏஜெண்டு முதலில் திரும்பிப் பார்ப்பது நம்பர் எழுதிய குமாஸ்தாவைத்தான்.

நெல்லைப் பக்கத்துக் குமாஸ்தா ஒருவருக்கு அப்படி ஒரு சோதனை வந்தது. நவசேவாவில் ஒரு பெட்டி கல். பார்ட்டி அனுப்பிய காகிதத்தில் "மார்பிள் பலகை" என்று மட்டும் இருந்தது. வழக்கம்போல் 2515 என்று போட்டுவிடும்படி முதலாளி சொன்னார். குமாஸ்தா கேட்கவில்லை. சரக்கை முதலில் அதிகாரிகள் பார்வையிடட்டும், பிறகு வரி கட்டலாம் என்றார். பெட்டி நின்றால் நாள் வாடகை ஏறும். முதலாளிக்குக் கோபம்.

பெட்டியைத் திறந்தார்கள். பலகைகளின் ஒரு முகத்தில் ரம்பக் கோடு, மறுமுகம் கண்ணாடி.

கூடப் போன பையன் கேட்டான்: "அண்ணாச்சி, ஒரு பக்கம்தானே மினுங்குது?"

"ஒரு பக்கம் மினுங்கினாலே போதும்டே. 6802 எழுது."

மூன்றாம் நாள் பெட்டி வெளியே வந்தது. வாடகையைப் பார்ட்டி கட்டினார். முதலாளி ஒரு வாரம் குமாஸ்தாவிடம் பேசவில்லை. ஆனால் அடுத்த கல் பெட்டி வந்தபோது, காகிதங்களை நேரே அவர் மேஜைக்குத்தான் அனுப்பினார்.