பார்த்துச் சொன்னதற்கும் கூலி உண்டு

ஐப்பசி மழை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் அடித்தால் போதும், பல வீடுகளில் ஆர்சிசிபி விழ ஆரம்பித்துவிடும். தூக்கிவிட்டால் ஐந்து நிமிடம் நிற்கும், மறுபடி விழும். ஃப்ரிட்ஜில் மாவு, சம்ப்பில் ஏற்றாத தண்ணீர், கைபேசியில் சார்ஜ் இல்லை. அந்த அவசரத்தில் யாரோ கொடுத்த எண்ணில் ஒருவரை அழைக்கிறோம். வருகிறார், டிபி பாக்ஸைத் திறக்கிறார், பத்து நிமிடத்தில் விளக்குகள் எரிகின்றன. "இனிமே விழாது சார்" என்று காசை வாங்கிக்கொண்டு போகிறார். அவர் சொன்னது நிஜம்தான். உள்ளே வரும் வயரையும் வெளியே போகும் வயரையும் நேராகச் சேர்த்துவிட்டார். ஆர்சிசிபி பெட்டிக்குள் இருக்கிறது. அதன் வழியாக மின்சாரம் போவதில்லை.

அந்தக் கருவியின் வேலை தெரிந்தால்தான் இதிலுள்ள விபரீதம் புரியும். பேஸில் போகிற மின்சாரம் முழுக்க நியூட்ரலில் திரும்பி வர வேண்டும். திரும்பி வருவது குறைந்தால், மீதி வேறெங்கோ கசிகிறது: ஈரச் சுவரில், கீசரின் உலோக உடம்பில், அல்லது ஒரு மனிதர் வழியாகத் தரையில். அந்த வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் நொடிக்கும் குறைவான நேரத்தில் இணைப்பைத் துண்டிப்பதற்காகவே வீட்டு ஆர்சிசிபி இருக்கிறது. அதே பெட்டியில் உள்ள 16 ஆம்பியர் எம்சிபி, 16,000 மில்லி ஆம்பியரைத் தாண்டினால்தான் அசையும். மனித இதயத்தைத் தடுமாறவைக்கச் சில பத்து மில்லி ஆம்பியர்களே போதும். எம்சிபி வயரைக் காப்பாற்றுவது; ஆர்சிசிபி ஆளைக் காப்பாற்றுவது. ஆளைக் காப்பாற்றுவதைத்தான் பத்து நிமிடத்தில் கழற்றிவிட்டுப் போனார்.

முறையாகப் பார்ப்பதென்றால் எப்படி? எல்லா எம்சிபிகளையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில் பழுது. ஆனால் எப்போதும் இவ்வளவு சுலபமாகச் சிக்காது. சாதாரண எம்சிபி பேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் வயர் எங்காவது தோலுரிந்து ஈரத்தில் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த லைனின் எம்சிபி இறங்கியிருந்தாலும், வேறு அறையில் மிக்ஸியைப் போட்டதும் ஆர்சிசிபி விழும். அப்போது நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மெக்கர் வைத்து 500 வோல்ட்டில் இன்சுலேஷனை அளக்க வேண்டும். பிறகு மொட்டைமாடி விளக்கு, காம்பவுண்டு விளக்கு, மோட்டார், கீசர் என்று ஈரம் சேரும் இடங்களாகத் தேடிப் போக வேண்டும். இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். கடைசியில் அவர் மாற்றுவது காம்பவுண்டு விளக்கின் ஒரு ஹோல்டராக இருக்கும்.

"ஒரு ஹோல்டர் மாத்தினதுக்கா இவ்வளவு?" என்று நாம் கேட்பது அப்போதுதான்.

நல்ல எலெக்ட்ரீஷியன் கிடைப்பதில்லை என்று எல்லாரும் சொல்கிறோம். கிடைக்காமல் போவதற்கு நாமும் ஒரு காரணம் என்பதே என் எண்ணம். மாற்றிய பொருளுக்குக் காசு கொடுப்போம். தேடிய நேரத்துக்குக் கொடுக்க மாட்டோம். வந்து பார்த்துவிட்டு, "வயரிங் நல்லா இருக்கு, ஒண்ணும் மாத்த வேண்டாம்" என்று ஒருவர் நேர்மையாகச் சொன்னால், "பெட்ரோலுக்கு வச்சுக்கோப்பா" என்று ஐம்பதோ நூறோ நீட்டுகிறோம். ஆறு சுவிட்சை அவசியமில்லாமல் மாற்றியவருக்குப் பல மடங்கு கிடைக்கிறது. இந்த நிலையில் தேடிப் பார்க்கிறவர் பிழைக்க முடியாது. எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் கமிஷனும், வயரிங் வேலையின் பாயின்ட் கணக்கும்தான் அவருக்குச் சோறு போடுகின்றன. அதனால் முதல் பேச்சிலேயே, "என்ன பழுதுன்னு பார்த்துச் சொல்றதுக்குத் தனியா எவ்வளவு?" என்று கேட்டுவிடுவது நல்லது. அந்தக் கேள்வியிலேயே அவர் நிதானமாகிவிடுவதைப் பார்க்கலாம். சாமான் பட்டியலை அவரிடம் எழுதி வாங்கி, ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து நாமே பில்லோடு வாங்கினால் கமிஷன் சங்கடமும் இருவருக்கும் இல்லை.

உரிமம் பற்றியும் சொல்ல வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு பாதுகாப்பு விதிகளின்படி, பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகள் தவிர மற்ற வயரிங் வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வழியாக, தகுதிச் சான்று உள்ளவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் இந்தச் சான்றுகளைத் தருவது கிண்டியில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம். ஐடிஐயில் இரண்டு ஆண்டு படித்து வருகிறவர்கள் ஒரு பக்கம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, ஒரு மேஸ்திரியிடம் சுவர் வெட்டிப் பைப் பதித்துத் தொழில் கற்றவர்கள் இன்னொரு பக்கம். இவர்களுக்காகவே வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை மின்கம்பியாள் உதவியாளர் தேர்வை நடத்துகிறது. ஐந்தாண்டு செய்முறை அனுபவம் இருந்தால் எழுதலாம். உங்கள் பகுதி எலெக்ட்ரீஷியனிடம் சான்று இல்லையென்றால், இந்தத் தேர்வைப் பற்றி அவருக்குச் சொல்லுங்கள். பலருக்குத் தெரிவதில்லை.

சான்று இருந்தும் கவனமில்லாதவர்கள் உண்டு. ஆகவே ஆள் வந்ததும் கையைப் பார்க்க வேண்டும். சட்டைப்பையில் இருக்கும் டெஸ்டரோடு வேலையை முடிப்பவரா, மீட்டரும் டெஸ்ட் லாம்ப்பும் பையில் வைத்திருப்பவரா? டெஸ்டர் பாதி உண்மையைத்தான் சொல்லும். "பிளக்கில் ரெண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரியுது, ஆனா எதுவும் ஓடல" என்று வீடுகளில் சொல்வார்கள். பேஸ் இரண்டு வந்துவிட்டது என்று பயப்படுவார்கள். அநேகமாக நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கும். எங்கோ போட்டு வைத்த விளக்கின் வழியாக அதே பேஸ் திரும்பி வந்து மறு ஓட்டையிலும் தலைகாட்டுகிறது. விஷயம் தெரிந்தவர் உடனே வீட்டிலுள்ள சுவிட்சுகளை எல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டு மறுபடி பார்ப்பார். தெரியாதவர் சாக்கெட்டை மாற்றுவார்.

இன்னொன்று, மெயினை இறக்கச் சொல்கிறாரா என்பது. சொன்னால் முகம் சுளிக்காமல் இறக்குங்கள். "சீரியல் ஓடுது, கரண்டோடவே பார்த்துடுப்பா" என்று வீட்டுக்காரரே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏணி மேல், வியர்த்த கையோடு, செருப்பில்லாமல் நிற்கிற ஒரு மனிதரிடம் சொல்லக்கூடிய வார்த்தை அல்ல அது. இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் மெயினை இறக்கினாலும் இன்வெர்ட்டர் லைனில் மின்சாரம் உயிரோடு இருக்கும் என்பதையும் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

இந்த இன்வெர்ட்டர் விவகாரம் தமிழ்நாட்டு வீடுகளின் வயரிங்கில் ஒரு தனி அத்தியாயம். 2008-க்குப் பிறகு மின்வெட்டு மெல்ல மெல்லக் கூடி, 2012-இல் சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாத ஊர்கள் இருந்தன. அந்த ஆண்டுகளில் லட்சணமாக வயரிங் செய்த வீடுகளிலும் சுவருக்கு மேல் ஒரு வயரை இழுத்து, கிடைத்த நியூட்ரலில் முடிந்து, இன்வெர்ட்டரை மாட்டிவிட்டுப் போனார்கள். இரண்டு லைன்களின் நியூட்ரல் அப்படிக் கலந்துபோன வீட்டில் பிற்பாடு ஆர்சிசிபி வைத்தால் அது நிற்காது. பழுது கருவியில் இல்லை. நியூட்ரல்களைப் பிரித்துக் கட்ட வேண்டும். பழைய வீட்டுக்கு ஆர்சிசிபி வைக்க வருகிறவர் இதை முதலிலேயே எச்சரித்தால், அவரை விடாதீர்கள்.

எல்லாப் பழுதுக்கும் எலெக்ட்ரீஷியனைத் தேட வேண்டியதில்லை. மீட்டர் வரைக்கும் மின்வாரியம், மீட்டரைத் தாண்டினால் நாம். பக்கத்து வீட்டிலும் மின்சாரம் இல்லையென்றால், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குச் சொன்னால் போதும். ஒரு நிலைமையை மட்டும் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மும்முனை இணைப்புள்ள வீட்டில் ஒரு அறை விளக்கு வழக்கத்தைவிடப் பளீரென்றும், மறு அறை விளக்கு மங்கியும் எரிந்தால், நியூட்ரல் விட்டிருக்கிறது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கி வரலாம். காரணம் தேட வேண்டாம், உடனே மெயினை இறக்கிவிட்டு அப்புறம் யாரையும் அழையுங்கள். டிவியும் ஃப்ரிட்ஜும் போவது இந்தச் சில நிமிடங்களில்தான்.

பழுதுக்கு அழைப்பது ஒரு வகை என்றால், புதிதாக எதையாவது சேர்க்க அழைப்பது இன்னொரு வகை. ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு, இப்போது மின்சார ஸ்கூட்டர். 2 கிலோவாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் 13 ஆம்பியர். இதை ஒரு கன்வர்ட்டர் பின்னை மாட்டி 6 ஆம்பியர் சாக்கெட்டில் சொருகுகிறோம். சுவருக்குள் இருக்கும் வயர் விளக்குக்கும் ஃபேனுக்கும் போட்ட 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர் வயர். பவர் பாயின்ட்டுக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் என்று டிபியிலிருந்து தனி லைன் இழுப்பதே முறை. எம்சிபி அடிக்கடி விழுகிறது என்பதற்காக 16-ஐக் கழற்றி 32-ஐ மாட்டுகிறவர் மிக ஆபத்தான ஆள். இப்போது எம்சிபி விழாது, வயர் சுவருக்குள் காயும். முப்பது, நாற்பது வருடத்து வீடுகளில் அலுமினிய வயரோ, மரப் பேட்டனில் ஓடும் வயரோ, கட்டை ஃப்யூஸோ இன்னும் இருக்கின்றன. ஃப்யூஸ் கம்பி தீர்ந்தபோது முறுக்கி வைத்த செம்பு இழைகளையும் பார்க்கலாம். அந்த வீடுகளில் ஏசி மாட்டும் பேச்சை, வயரிங்கைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் தொடங்க வேண்டும்.

எர்த்தைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. ஃப்ரிட்ஜைத் தொட்டால் ஜிவ்வென்கிறது என்றால், "செருப்பு போட்டுக்கிட்டுத் தொடு" என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். எட்டடிக் குழாயைப் புதைத்து, சுற்றிலும் உப்பும் கரியும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றிவந்த எர்த் குழிகளின் மேல், அடுக்குமாடிகளில் கார் நிறுத்த டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும். பெரிய ஓட்டையில் வயர் இருக்காது. வீட்டுக்கு வருகிறவரிடம் முதல் வேலையாக எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ஆளை எங்கே தேடுவது? செயலியில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்தில் ஒருவர் வந்துவிடுகிறார், பார்ப்பதற்குக் கட்டணமும் முன்பே எழுதியிருக்கிறது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறொருவர் வருகிறார். உங்கள் வீட்டு மாடிப்படி விளக்கின் நியூட்ரல் எந்த வழியாக வருகிறது என்ற ஞாபகம் யாரிடமும் சேர்வதில்லை. வீட்டை வயரிங் செய்தவர் இன்னும் தொழிலில் இருந்தால் அவர்தான் முதல் ஆள். இல்லையென்றால், தெருவில் ஒரே எலெக்ட்ரீஷியனைப் பல வருடமாக அழைக்கிற வீடு எது என்று விசாரியுங்கள். சும்மா "நல்லவரா?" என்று கேட்காமல், "ஏதாவது மாத்த வேண்டாம்னு சொல்லியிருக்காரா?" என்று கேளுங்கள். பிறகு அவசரமில்லாத ஒரு சின்ன வேலைக்கு, ஒரு ரெகுலேட்டருக்கோ காலிங் பெல்லுக்கோ அழைத்துப் பாருங்கள். இருட்டில், மழையில், பதற்றத்தில் ஆள் தேடினால் கிடைப்பவர்தான் கிடைப்பார்.

ஆவணிக்குள் ஒருமுறை அவரை வரச் சொல்லுங்கள். டிபியில் லூஸாக இருக்கும் ஸ்குரூக்களை முறுக்கச் சொல்லி, மெக்கர் வைத்து ஒவ்வொரு லைனையும் அளக்கச் சொல்லி, ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை உங்கள் முன்னாலேயே அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். அழுத்தினால் விழ வேண்டும். அதன் பிறகு மாதம் ஒருமுறை நீங்களே அழுத்தலாம். போவதற்கு முன் எந்த எம்சிபி எந்த அறைக்கு, இன்வெர்ட்டர் லைன் எது, எர்த் குழி எங்கே என்று டிபி பாக்ஸ் மூடியின் உட்புறம் மார்க்கரால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றையும் மாற்றாமல் போகிறார் என்றாலும், பேசிய கூலியை முழுதாகக் கொடுங்கள்.