இல்லமே தொழிற்கூடம்

இராசபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கி அமைந்த ஊர் சேத்தூர். அதற்கு அருகிலுள்ள தளவாய்புரம், 'நைட்டி' ஆடைத் தயாரிப்புக்குப் பெயர்பெற்றது. இவ்வட்டாரத்தில் தையல் இயந்திரத்தின் ஓசை தொழிற்கூடங்களிலிருந்து மட்டுமன்றி வீடுகளிலிருந்தும் எழுகிறது.

அளவுக்கு வெட்டப்பட்ட துணி, கட்டுகளாக வீட்டிற்கு வந்து சேரும். தைத்து முடித்தவற்றை எண்ணி ஒப்படைத்தால், உருப்படிக்கு இவ்வளவு எனக் கூலி கணக்கிடப்படும். குழந்தையைத் தொட்டிலில் இட்டுவிட்டோ, உலை கொதிக்கும் இடைவேளையிலோ செய்ய இயலும் என்பதே இவ்வேலையின் சிறப்பு. அதுவே அதன் சிக்கலும் ஆகும். நேரத்தைக் கணக்கிடுவோர் எவருமில்லை.

ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். உருப்படிக்குப் பத்து ரூபாய் வீதம் ஒருவர் நாளொன்றுக்கு 30 உருப்படிகள் தைப்பதாக வைத்துக்கொண்டால் வரவு 300 ரூபாய். நூல், ஊசி, மின்சாரம், இயந்திரப் பழுது ஆகியவற்றுக்கு 40 ரூபாய் கழிந்தால் எஞ்சுவது 260. எட்டு மணி நேர உழைப்பெனில், மணிக்கு 32 ரூபாய் 50 காசு. கையில் வாங்கும் தொகை வேறு, உண்மை வருமானம் வேறு. நூலை யார் தருவது, பழுதான உருப்படிக்கு யார் பொறுப்பு என்பவற்றை முதற்கட்டை வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நன்று. கூச்சம் கருதிப் பலர் கேட்பதில்லை.

1959ஆம் ஆண்டு மார்ச் 15 அன்று மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் பெற்று அப்பளம் இடத் தொடங்கினர். அதுவே இன்றைய 'லிஜ்ஜத்' நிறுவனம். பிசைந்த மாவை மையத்திலிருந்து பெற்றுச் சென்று, வீட்டில் அப்பளமாகத் தேய்த்து உலர்த்தி, மீண்டும் ஒப்படைத்துக் கூலி பெறுவர் அதன் உறுப்பினர். சேத்தூர்ப் பகுதித் தையலைப் போன்றே இதுவும் வீட்டு வேலைதான். எனினும், இங்கு உழைப்பவரே உரிமையாளர்; ஆதலால் இலாபத்திலும் அவர்களுக்குப் பங்குண்டு.

இவ்விரண்டிலும் பணம் வேலை தருபவரிடமிருந்து உழைப்பவரை நோக்கியே வருகிறது. இத்திசை மாறுமிடத்தில் ஐயம் கொள்ள வேண்டும். 'வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து பல்லாயிரம் ஈட்டலாம். பதிவுக் கட்டணம் மட்டும் செலுத்துக' என வரும் கைப்பேசிச் செய்திகள் இத்தகையன. சில மோசடிகளில் முதலில் நூறு, இருநூறு ரூபாய் உண்மையாகவே வந்து சேரும். நம்பிக்கை பிறந்தபின் பெருந்தொகை கேட்கப்படும். தூண்டிற்புழுவும் மீனுக்கு உணவுதானே! பணம் இழந்தோர் வெட்கி மறைக்காமல், உடனே 1930 என்னும் இணையக்குற்ற உதவி எண்ணை அழைத்தால், அத்தொகை கைமாறுவதற்குள் முடக்கப்பட வாய்ப்புண்டு.

வீட்டிலிருந்து உழைப்பவருக்கு வருகைப்பதிவேடு இல்லை. ஆனால், உரிமை இல்லாமலில்லை. 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்வழி அமைந்த நல வாரியங்களுள் தையல் தொழிலாளர் நல வாரியமும் ஒன்று. அதில் பதிவு செய்தோர்க்கு மகப்பேறு உதவி, முதுமைக்கால ஓய்வூதியம் ஆகியன உண்டு. பதினொன்றாம் வகுப்பில் பயிலும் மகளுக்கான கல்வி உதவித்தொகையும் அவற்றுள் அடங்கும்.