சாமியும் சனமும்

ஐப்பசி பிறந்து வானம் கறுத்தால் உத்திரமேரூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் முதலில் போய்ப் பார்ப்பது ஏரிக் கலங்கலைத்தான். ஏரி நிரம்பினால் நெல்; பொய்த்தால் அந்த வருஷம் கடன். பாலாறும் செய்யாறும் தொலைவில் இல்லை. ஆனால் வருஷத்தின் பெரும்பகுதியும் மணலாகவே கிடக்கிற ஆறுகள் அவை. வடகிழக்குப் பருவமழை தருகிற சில வாரத் தண்ணீரைத் தேக்கிவைத்து அதைக்கொண்டு வருஷத்தை ஓட்டிய சீமை இது. மேலே இருப்பவனை நம்பாமல் அப்படியொரு நிலத்தில் ஆயிரம் வருஷம் குடியிருக்க முடியாது. அந்த நம்பிக்கையின் கையில் மண்வெட்டியும் கணக்கோலையும் இருந்தன என்பதுதான் இந்த ஊரிடம் எனக்குப் பிடித்தது.

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது குடவோலை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டிய கல்வெட்டுகள் அதைச் சொல்கின்றன. ஊருக்கு 30 குடும்புகள், அதாவது வார்டுகள். தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு எடுக்க வேண்டும். பள்ளிப் பாடத்தில் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த நாள் எப்படி நடந்தது என்பதைக் கல்வெட்டு வரிவரியாகச் சொல்கிறது. அன்றைக்கு ஊரில் இருக்கிற நம்பிமார், அதாவது கோயில் பூசாரிகள், ஒருவர் விடாமல் சபைக்குள் வந்து உட்கார வேண்டும். அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்ட வேண்டும். விஷயம் எதுவும் தெரியாத ஒரு சிறுவன்தான் ஓலையை எடுக்க வேண்டும். வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். பிறகு உரக்கப் படிக்க வேண்டும். அங்கிருக்கும் நம்பிமார் அத்தனை பேரும் படிக்க வேண்டும்.

சாமிக்குப் பூசை செய்கிறவர்கள் சாட்சியாக உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படியும் விரலை மடக்கக் கூடாது என்று விதி. தெய்வம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் அவர்களை அசட்டையாக விடவில்லை, கூடுதல் கவனத்தோடு இருக்க வைத்தது. முன்பு ஊர்க் காரியங்களைப் பார்க்கும் குழுவான வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அவன் மட்டுமா, அவனுடைய சித்தி பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன், மருமகன் என்று நெருங்கிய உறவுகளுக்கும் குடத்தில் இடம் கிடையாது. வாரியத்தில் இருப்பதற்கு 360 நாள்தான் கெடு. அது முடிந்தால் மூன்று வருஷம் ஒதுங்கி இருக்க வேண்டும். இவ்வளவு கட்டுக்காவலோடு தேர்ந்தெடுத்தவர்களில் 6 பேர் ஏரி வாரியம். பல்லவர் காலத்துப் பெரிய ஏரியான வயிரமேக தடாகம் அவர்கள் பொறுப்பில் இருந்தது. ஏரியில் தூர் எடுப்பதற்கென்றே பக்தர்கள் பொன் கொடுத்துவைத்த செய்திகள் இந்த ஊர்க் கல்வெட்டுகளில் உண்டு. கோயிலுக்கு விளக்கு எரிப்பதும் ஏரியில் சேறு அள்ளுவதும் அவர்களுக்கு ஒரே புண்ணியக் கணக்கில் வந்தன.

இந்த வட்டாரத்தில் என் மனத்தை இன்னும் அதிகமாகக் கட்டிப்போட்ட இடம் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேருகிற இடத்தில், அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில். வீரராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது 1068ஐ ஒட்டி, அந்தக் கோயிலில் வெட்டிய நீண்ட கல்வெட்டில் ஓர் ஆதுலர்சாலையின், அதாவது மருத்துவமனையின், முழு வரவு செலவும் இருக்கிறது. 'வீரசோழன்' என்று அதற்குப் பெயர். 15 படுக்கைகள். மருத்துவர் ஒருவர், அறுவைச் சிகிச்சை செய்கிறவர் ஒருவர். மூலிகை கொண்டுவந்து விறகு சேர்த்து மருந்து காய்ச்ச இரண்டு பேர். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள். நாவிதர், தண்ணீர் கொண்டுவருகிற ஆள். படுத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் நாளுக்கு ஒரு நாழி அரிசி. இரவு முழுக்க எரிய ஒரு விளக்கு. இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகள் ஏறக்குறைய இருபது, ஒவ்வொன்றும் பெயரோடும் அளவோடும்: கடுக்காயில் செய்த லேகிய வகைகள், ஆமணக்கெண்ணெய் சேர்ந்த தைலங்கள், நெய் மருந்துகள். மருத்துவருக்கு ஆண்டுச் சம்பளம் 90 கலம் நெல்லும் 8 காசும். பக்கத்திலேயே மாணவர்கள் படித்துத் தங்குகிற விடுதி. அவர்கள் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கும் கணக்கில் எண்ணெய் ஒதுக்கியிருக்கிறார்கள்.

உடம்பு சரியில்லாதவனுக்கு 'பெருமாள் இருக்கிறார்' என்று ஆறுதல் சொல்வதோடு அந்தக் கோயில் நிற்கவில்லை. ராத்திரி விளக்குக்கு எண்ணெய் எவ்வளவு என்பது வரைக்கும் யோசித்திருக்கிறது. நோயாளியாகப் படுத்திருந்த எவருக்கும் தெரியும், ராத்திரி இரண்டு மணிக்கு அறையில் வெளிச்சம் இருப்பது என்னவென்று. அதைக் கல்லில் வெட்டி வைத்தவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

ஆனால் அன்றைக்கு எல்லாம் பொன்னாக இருந்தது என்று எழுத எனக்கு மனம் வராது. பிராமணர் ஊரான உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்தின் குடத்தில் யார் பெயர் விழுந்தது? வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் வைத்திருந்து, சொந்த மனையில் வீடு கட்டிக்கொண்டு, வேதம் கற்ற, 35 வயது கடந்து 70 தாண்டாத ஆணின் பெயர். அந்த நிலத்தில் சேற்றில் இறங்கியவர்களின் பெயர் இல்லை. பெண்கள் யாருடைய பெயரும் இல்லை. திருமுக்கூடல் ஆதுலர்சாலையும் கோயில் ஊழியர்களுக்கும் அங்கே படித்த மாணவர்களுக்கும் உரியது. ஏரிக்கரையில் கூடை சுமந்தவனின் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அந்தப் பதினைந்து படுக்கைகளில் ஒன்று கிடைத்திருக்குமா? கல்வெட்டு அவனைப் பற்றிப் பேசவே இல்லை. ஒருவருக்கொருவர் தாங்கிக்கொண்டார்கள் என்பது உண்மை. அந்த 'ஒருவர்' யார் என்பதில் சுவர் இருந்தது என்பதும் உண்மை.

சுவருக்கு வெளியே இருந்தவர்களுக்கும் ஒரு தெய்வம் இருந்தது, ஒரு கை இருந்தது. அது கல்லில் ஏறவில்லை, பழக்கத்தில் நின்றது. குடிமராமத்து அப்படித்தான். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வரத்துக்கால்வாயைச் செதுக்கி, கரை உடைசலை அடைக்க வேண்டும். இந்த வழக்கத்துக்கு 1858இல் வெள்ளைக்காரன் கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்றே போட்டான். பக்கத்து மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கதை எல்லோருக்கும் தெரியும். 1790களின் கடைசியில், கொட்டும் மழையில் ஏரி உடையப்போகிற இரவில், கலெக்டர் லயனல் பிளேஸ் கண்ணுக்கு ராமரும் லட்சுமணரும் வில்லோடு கரையில் நின்றதாகச் சொல்வார்கள். தாயார் சன்னதிக்கு அவர் திருப்பணி செய்ததைச் சொல்லும் எழுத்து இன்றும் கோயிலில் இருக்கிறது. கலெக்டர் கண்டதைப் பற்றி நான் வாதாட மாட்டேன். ஆனால் ஏரிக்கு மழை ராத்திரியில் காவல் நிற்பது இந்தப் பக்கத்து ஊர்களின் பழைய வழக்கம். அரிக்கேனோடும் மூங்கில் தட்டியோடும் மணல் மூட்டையோடும் கரையில் நின்றவர்களுக்கு, தங்களோடு ராமரும் நின்றார் என்று தோன்றியதில் எந்த வியப்பும் இல்லை.

நம் தாத்தா பாட்டி காலத்துக்கு வந்தால், கூடிவாழ்வதற்குச் சாமிதான் தேதி குறித்துக் கொடுத்தது. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்க வீடு வீடாகக் கேழ்வரகு தண்டுவார்கள். வறண்ட ஆடியில் சில வீடுகளுக்கு அன்றைக்கு நிறைந்த வயிறு அந்தக் கூழால்தான். கோடையில் திரௌபதி அம்மன் கோயிலில் கொடி ஏறினால் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து, கடைசியில் மண்ணால் செய்த துரியோதனனின் படுகளம், மாலையில் தீமிதி. தலைக்கட்டு வரி கொடுத்து ஊர் கூடி நடத்துகிற அந்த நாள்களில், பேச்சு வார்த்தை இல்லாத பங்காளிகள்கூட ஒரே காப்பைக் கட்டிக்கொண்டு நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டிலிருந்து சோறு வரும். கல்யாணத்துக்கு மொய், ஆத்திர அவசரத்துக்குக் கைமாத்து. எழுத்தில்லாத காப்பீடு அது. அதிலும் ஊருக்கும் காலனிக்கும் நடுவே கோடு இருந்தது. தேர் வராத தெருக்கள் இருந்தன.

இன்றைக்கு என்ன? விடியற்காலை ஐந்தரைக்குச் சாலையில் நின்றால் தெரியும். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிற கம்பெனி பஸ்களில் ஊரின் இளவட்டம் ஏறிக்கொண்டிருக்கும். ஷிப்டு முடிந்து வருகிற பிள்ளைக்கு ஏரி நிரம்பிவிட்டதா என்று கேட்கத் தோன்றுவதில்லை. போர் போட்டவனுக்கு ஏரி கண்ணில் படுவதும் இல்லை. சில ஊர்களில் கல் குவாரி லாரிகள் போடுகிற புழுதியில்தான் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். திருவிழா சுருங்கவில்லை, பெருத்திருக்கிறது. வெளியூரில் இருப்பவர்கள் போனிலேயே பணம் போட்டுவிடுகிறார்கள். கும்பாபிஷேகத்துக்கு வசூல் குறைவதில்லை. ஆனால் பணம் வந்த அளவுக்கு ஆள் வருவதில்லை. தூர் வாருகிற வேலை ஒப்பந்தக்காரரிடமும் பொக்லைனிடமும் போய்விட்டது. 2017இல் அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரையே எடுத்து ஒரு திட்டம் தொடங்கி, விவசாயிகளின் பங்கும் அதில் வேண்டும் என்றது. பல ஏரிகள் அதனால் ஆழமாயின. வீட்டுக்கு ஓர் ஆள் என்ற பழைய கட்டு மட்டும் திரும்பவில்லை.

நல்லதும் நடந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். குடவோலைக் குடத்தில் இடம் கிடைக்காத அத்தனை பேருக்கும் இப்போது ஓட்டு இருக்கிறது, உள்ளாட்சியில் ஒதுக்கீடு இருக்கிறது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழு, தமிழ்நாடு முழுக்கப் பரவி இந்தப் பக்கத்துத் தெருக்களுக்கும் வந்து சேர்ந்தது. பன்னிரண்டிலிருந்து இருபது பெண்கள் ஒரு திண்ணையிலோ கோயில் மரத்தடியிலோ உட்காருவார்கள். ஊக்குநர் வருகைப் பதிவேட்டைப் பிரிப்பார். சேமிப்பு எவ்வளவு, யாருக்கு உள்கடன், யார் திருப்பவில்லை என்று எல்லோர் முன்னாலும் படிப்பார்கள், தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார்கள். சாமி பாட்டு பாடித் தொடங்குகிற குழு உண்டு. ஜெபம் சொல்லித் தொடங்குகிற குழு உண்டு. மாரியம்மனைக் கும்பிடுகிறவளும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவளும் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒருத்தியின் மகள் பிரசவச் செலவுக்கு இன்னொருத்தி தன் முறையை விட்டுக்கொடுக்கிற இடம் அது. ஐந்து விரலையும் விரித்து ஓலை வாங்கிய அந்த ஒழுங்குக்கு உண்மையான வாரிசு யார் என்று என்னைக் கேட்டால், பெரிய கோபுரங்களைக் காட்ட மாட்டேன், இந்தப் பெண்களின் நோட்டைத்தான் காட்டுவேன்.

அதற்கும் ஒரு கறை விழுந்திருக்கிறது. தனியார் நுண்கடன் கம்பெனிகள் இதே கூட்டுப் பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டன. வாரத் தவணை நாளில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். வசூலுக்கு வந்தவர் போகாமல் உட்கார்ந்திருப்பார். நேற்றுவரை 'அக்கா' என்றவளே வாசலில் நின்று ஏசுவாள். துன்பத்தில் தோள் கொடுப்பதற்காக வந்த ஏற்பாடு, துன்பப்படுகிறவளையே குற்றவாளி ஆக்கிவிடுகிறது. இந்தக் கொடுமையை நாம் இன்னும் உரக்கப் பேச வேண்டும்.

மழை மட்டும் பழைய ஆளாகவே வருகிறது. 2015 நவம்பர், டிசம்பரில், செங்கல்பட்டும் சேர்ந்திருந்த அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் முழுக்கத் தண்ணீரானபோது, நூற்றுக்கணக்கான ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலங்கல் பாய்ந்தன. அந்த நாள்களில் சென்னையில் பள்ளிவாசல், தேவாலயம், கல்யாண மண்டபம் எல்லாம் ஈரத் துணியோடு வந்தவர்களுக்குக் கதவைத் திறந்துவைத்தன. யார் என்ன சாமி கும்பிடுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. 2020இல் கொரோனா வந்தபோது கோயில் நடையே சாத்தப்பட்டது. கும்பிடப் போக இடமில்லாமல் போன அந்த மாதங்களில் குழுப் பெண்கள் முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் பலர் இப்போது வேறொரு வேலையும் செய்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், மகளிர் குழுக்களிலிருந்து எடுத்த பெண்கள் தன்னார்வலர்களாகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். ரத்த அழுத்தம் பார்ப்பது, சர்க்கரை பார்ப்பது, மாதத்துக்கான மாத்திரையை எண்ணிக் கொடுப்பது. பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போய்விட்ட வீட்டில் தனியாக இருக்கிற கிழவிக்கு மாத்திரையோடு பேச்சுத் துணையும் கிடைக்கிறது. திருமுக்கூடல் கல்வெட்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட அந்த இரண்டு பெண்களுக்கு நெல்லும் காசும் அளந்து கொடுத்தார்கள். இவர்களுக்கு மாத ஊக்கத்தொகை. வித்தியாசம், இவர்கள் காலனிக்கும் போகிறார்கள், ஏரி ஓரத்து இருளர் குடிசைக்கும் போகிறார்கள்.

மாட்டுப் பொங்கல் அன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்குப் பழைய சீவரம் வருவார். பிறகு ஆற்றைக் கடந்து திருமுக்கூடல் வந்து சேர, சாலவாக்கம், காவாந்தண்டலம், சீவரத்துப் பெருமாள்களும் அங்கே கூடுவார்கள். இவர்களோடு அப்பன் வெங்கடேசரையும் சேர்த்து ஐந்து பெருமாள்களை ஒரே இடத்தில் சேவிக்க ஊர் ஊராக ஜனம் திரளும். அறநிலையத் துறையின் பெரிய கோயில்கள் சிலவற்றில் முதலுதவி மையங்கள் வந்திருக்கின்றன. அதுபோலவே மாட்டுப் பொங்கல் கூட்டத்தில், ஆதுலர்சாலைக் கல்வெட்டு உள்ள அந்தக் கோயிலில், நம் குழுப் பெண்களுக்கு ஒரு மேசை போட்டுக் கொடுக்கலாம். சேவித்துவிட்டு வருகிறவர்கள் கையை நீட்டி ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு போகட்டும். அந்தக் கல்வெட்டை ஒரு பலகையில் இன்றைய தமிழில் எழுதி மேசைக்குப் பக்கத்தில் வைத்தால், பெருமாளிடம் இப்போதுதான் வேண்டிக்கொண்டு வந்த வேண்டுதலுக்கு அந்த ஊர் ஒரு காலத்தில் என்ன ஏற்பாடு செய்துவைத்திருந்தது என்று அவர்களே படித்துக்கொள்வார்கள்.