மாரியில் மோட்டார் சைக்கிள்: மழைக்கும் வாடைக்கும் ஏற்ற உடுப்பு

மழைக்கால மோட்டார் சைக்கிள் உடுப்புக்கு மூன்று வேலைகள் உண்டு. காற்றைத் தடுக்க வேண்டும். நீர் உடம்பில் படாமல் காக்க வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் ஓட்டுபவரை மற்றவர் கண்ணுக்குக் காட்ட வேண்டும். குளிர் நாடுகளில் உடம்பின் சூட்டைப் பொத்திவைக்கும் தடித்த உள்ளுடுப்பு நான்காவதாகச் சேரும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அது அநேகமாகத் தேவைப்படாது. இங்கே ஓட்டுபவரை விறைக்க வைப்பது நனைந்த உடம்பில் விடாமல் அடிக்கும் காற்று. ஆகவே தடிப்பான உடுப்பைத் தேடுவதைவிட, நீரும் காற்றும் புகாத மெல்லிய உடுப்பைத் தேடுவதே பொருத்தம்.

குடாநாட்டின் மாரி

குடாநாட்டுக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்களும் புயல்களும் உருவாகும் காலமும் இதுவே. 2008 நவம்பரில் நிஷா, 2020 டிசெம்பரில் புரெவி, 2024 நவம்பர் இறுதியில் ஃபெங்கல் என்று வந்த புயல்கள் வீதிகளை வெள்ளத்தில் மூழ்கடித்தன. மார்கழி, தை மாதங்களில் அதிகாலை வெப்பநிலை 22, 23 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும். 20 பாகைக்குக் கீழே போவது அரிது.

நிலமோ தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம். காற்றை மறிக்க மலை கிடையாது. ஊர் ஒழுங்கைகளில் பனங்கூடலும் வேலியும் மதிலும் காற்றின் வேகத்தைத் தணிக்கும். கடலேரியைக் கடக்கும் வீதிகளில் அந்த மறைப்பும் இல்லை. பண்ணைப் பாலம், புங்குடுதீவுக்குப் போகும் வாணர் தாம்போதி, காரைநகருக்கான பொன்னாலைப் பாலம், 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட 288 மீற்றர் நீளமான சங்குப்பிட்டிப் பாலம், ஆனையிறவு வெளி ஆகிய எல்லாவற்றிலும் இரு பக்கமும் நீர் அல்லது வெட்டவெளிதான்.

வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்குப் போகிறவர் அதை நெஞ்சில் வாங்கிக்கொண்டு போகிறார். தீவுப்பகுதிக்குப் போகிறவருக்குப் போகும்போது காற்று முதுகில் இருக்கும். மாலையில் நனைந்து களைத்துத் திரும்பும்போது முகத்தில் அடிக்கும். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்றுக்கு எதிராக 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால், உடம்பில் மோதும் காற்றின் வேகம் 70 கிலோமீற்றர்.

ஈரம் சூட்டைப் பறிக்கும் விதம்

மனித உடம்பின் உட்சூடு ஏறத்தாழ 37 பாகை. அது 35 பாகைக்குக் கீழே இறங்கினால் உயிருக்கு ஆபத்தான குளிர்த்தாக்கம் தொடங்கும். காய்ந்த உடுப்போடு இருப்பவருக்கு 23 பாகை என்பது இதமான குளிர். தோலை ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப் படலம் சூட்டை வெளியே விடாமல் வைத்திருக்கிறது. காற்று வேகமாக அடித்தால் அந்தப் படலம் கலைந்துவிடும். உடுப்பு நனைந்தால் படலம் இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும். நீர், காற்றைப் போல ஏறக்குறைய 25 மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும்.

இதைவிடப் பெரிய இழப்பு ஆவியாதலால் வருகிறது. 100 கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 240 கிலோயூல் வெப்பம் வேண்டும். சும்மா இருக்கும் ஒருவரின் உடம்பு செக்கனுக்கு 100 யூல் அளவில் வெப்பத்தை உண்டாக்குகிறது. எனவே 100 கிராம் நீருக்கு வேண்டிய வெப்பம், உடம்பு 40 நிமிடங்களில் உண்டாக்கும் வெப்பத்துக்குச் சமம். அதில் ஒரு பகுதியைச் சுற்றியுள்ள காற்று கொடுக்கும். மிச்சம் உடம்பிலிருந்தே போகிறது. நன்றாகத் தோய்ந்த ஒரு பருத்திச் சேர்ட்டில் 100 கிராமைவிட அதிக நீர் இருக்கும்.

உறைகுளிர் இல்லாத இடத்திலும் ஈரமும் காற்றும் உயிரைப் பறிக்கும் என்பதை 2022 டிசெம்பர் காட்டியது. மண்டூஸ் புயல் விரிகுடாவைக் கடந்துகொண்டிருந்த நாட்களில், வடக்கு, கிழக்கு மாகாணங்களில் வெட்டவெளியில் நனைந்து நின்ற மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் குளிரால் இறந்தன.

மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு ஆபத்து அதற்கு வெகு முன்பே வந்துவிடுகிறது. குளிர் கூடும்போது உடம்பு நெஞ்சையும் வயிற்றையும் காப்பதற்காகக் கைகால்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். விரல்கள் விறைக்கும். பிறேக்கையும் கிளச்சையும் அளவறிந்து பிடிக்க வேண்டியவை அதே விரல்கள். நனைந்த வீதியில் பிறேக்கைச் சற்று அழுத்திப் பிடித்தாலே சில்லு வழுக்கும்.

துணியைத் தெரிதல்

பருத்தி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காய நேரம் எடுக்கும். டெனிம் ஜீன்ஸ் அதிலும் மோசம். பொலியெஸ்டர் இழை நீரைத் தனக்குள் உறிஞ்சுவதில்லை. இழைகளுக்கிடையில் தங்கும் நீர் விரைவில் காய்ந்துவிடும். விளையாட்டு வீரர்கள் அணியும் மெல்லிய பொலியெஸ்டர் ரீசேர்ட் ஒன்றை மழைக்கோட்டுக்குள் அணிவது குடாநாட்டுக் காலநிலைக்குப் போதும்.

மழைக்கோட்டுத் துணியின் கதை 1823இல் தொடங்குகிறது. அந்த ஆண்டில் சாள்ஸ் மக்கின்ரொஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே இறப்பரைப் பூசி ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. முழுவதும் பிவிசியால் ஆனது மலிவு, நீர் புகாது. ஆனால் வெயிலில் கிடந்தால் மடிப்புகளில் வெடிக்கும். நைலோன் அல்லது பொலியெஸ்டர் துணியின் உட்புறத்தில் பொலியூரதேன் பூசியது பாரமில்லாதது. மடித்து ஆசனத்துக்குக் கீழே வைக்கலாம். 1969இல் ரொபேட் கோர் கண்டறிந்த, நுண்துளைகள் நிறைந்த மென்படலத்தைக் கொண்டு செய்த கோர்ரெக்ஸ் வகைத் துணி, மழைத்துளியை உள்ளே விடாமல் வியர்வை ஆவியை வெளியே விடும். அதன் விலை அதிகம். வெளியிலும் ஈரப்பதன் மிகுந்திருக்கும் இடத்தில் வியர்வை ஆவி வெளியேறுவது மந்தமாகும் என்பதால், குளிர் நாட்டில் தரும் பயனை அது இங்கே முழுமையாகத் தராது.

மழைக்கோட்டு ஒழுகத் தொடங்குவது பெரும்பாலும் தையலில்தான். துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் நீருக்கு வழி. உட்புறத்தைப் புரட்டிப் பார்த்தால், நல்ல கோட்டில் தையல் நெடுகிலும் ஒரு விரல் அகலத்தில் மெல்லிய நாடா சூடாக்கி ஒட்டப்பட்டிருக்கும். நாடா இல்லாத தையலை வெளிச்சத்துக்கு நேரே இழுத்துப் பிடித்தால் துளைகள் வரிசையாகத் தெரியும். முதலில் பார்க்க வேண்டிய இடம் காற்சட்டையின் தொடையிடுக்கு. அமர்ந்திருக்கும்போது கோட்டில் வழியும் நீர் அங்கே வந்து தேங்கும். உடம்பின் பாரமும் அங்கே அழுத்தும். நான்கு தையல்கள் கூடும் இடமும் அதுவே.

கொலரிலிருந்து இறங்கும் சிப்புக்கு மேலே ஒரு மூடுமடிப்பு இருக்க வேண்டும். கடலேரி வீதிகளில் உப்புக்காற்று படுவதால் உலோகச் சிப்பு துருப்பிடித்து இறுகிவிடும். பிளாஸ்ரிக் சிப்பு நீடிக்கும்.

தலை முதல் கால் வரை

முகம் முழுவதையும் மூடும் தலைக்கவசமே மழைக்கு நல்லது. திறந்த முகத்தில் ஓட்டத்தின் வேகத்தோடு மோதும் துளிகள் கண்ணைத் திறக்க விடாது. மூச்சின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிந்து மங்கலாக்கினால், கண்ணாடியை ஒரு விரற்கடை திறந்துவிட்டால் காற்றோட்டத்தில் தெளியும். கறுத்த கண்ணாடி மாரிக்கு உதவாது. நவம்பரில் மாலை ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும்; முகில் மூடினால் இன்னும் முன்பே இருட்டும்.

கழுத்து பலரும் மறக்கும் இடம். தலைக்கவசத்தில் வழியும் நீர் கொலருக்குள் இறங்கி முதுகை நனைக்கும். கொலர் உயர்ந்து இறுக்கமாக மூட வேண்டும். மழைக்கோட்டின் தொப்பியைத் தலைக்கவசத்துக்கு மேலே போடக் கூடாது. காற்றில் அது உப்பித் தலையைப் பின்னுக்கு இழுக்கும். பக்கப் பார்வையையும் மறைக்கும்.

கோட்டும் காற்சட்டையும் தனித்தனியாக இருப்பதே சரி. தலைவழியாகப் போடும் பொன்சோ நடந்து போகிறவருக்கு ஏற்றது. மோட்டார் சைக்கிளில் அதன் ஓரம் செயினிலோ சில்லுக் கம்பிகளிலோ சிக்கும். தாம்போதியில் பக்கக் காற்று அடித்தால் பாய்போல விரிந்து வண்டியை வீதியின் ஓரத்துக்குத் தள்ளும்.

நீர் கீழ்நோக்கி ஓடும்; ஒவ்வொரு துண்டும் அடுத்ததற்கு மேலே விழ வேண்டும். கோட்டு, காற்சட்டையின் இடுப்புக்குக் கீழே ஒரு சாணாவது இறங்க வேண்டும். கோட்டின் கை, கையுறையின் விளிம்பை மூட வேண்டும். காற்சட்டையின் கால், சப்பாத்துக்கு வெளியே தொங்க வேண்டும். காற்சட்டையைச் சப்பாத்துக்குள் செருகினால் சப்பாத்து நிரம்பிவிடும்.

கையுறை விரலசைவைத் தடுக்காத மெல்லியதாகவும், உள்ளங்கை வழுக்காததாகவும் இருக்க வேண்டும். செருப்போடு ஓடுவது மாரியில் பெரிய பிழை. சேறு பட்ட செருப்பு கியரில் வழுக்கும்; வெள்ளத்துக்குள் மறைந்திருக்கும் கிடங்கில் வண்டி சரிந்தால் பாதமே முதலில் அடிபடும். தேங்கிய வெள்ளத்தால் எலிக்காய்ச்சலும் வரும். 2024 டிசெம்பரில் அது குடாநாட்டில் பரவி உயிர்களைப் பறித்தது. காலில் புண் உள்ளவர்கள் கணுக்காலுக்கு மேல் வரும் இறப்பர் பூட்ஸ் அணிவது அவசியம்.

நிறமும் உயிர் காக்கும். கறுப்பு, கருநீல மழைக்கோட்டுகள் மங்கிய வீதியில் தெரியவே தெரியாது. பகலில் ஒளிரும் மஞ்சள் நன்றாகத் தெரியும். இரவில் அந்த நிறத்தால் பயன் குறைவு. வாகன வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பியனுப்பும் பட்டிகள் முதுகிலும் கையிலும் இருக்க வேண்டும்.

பின்னால் இருப்பவர்

சேலையோ சல்வாரோ அணிந்தவர்கள் முந்தானையையும் சோலையும் கோட்டுக்குள் முழுவதுமாக அடக்க வேண்டும். அவை பின்சில்லில் சிக்கினால் கழுத்தை நெரிக்கும். சேலைக்கு மேல் அணிய, அகலமான மழைக் காற்சட்டையே பாதுகாப்பு. பிள்ளைகளின் உடம்பு சிறியது; எடைக்கு ஒப்பிட்டால் தோலின் பரப்பு கூடியது. அதனால் பெரியவர்களைவிட விரைவாகக் குளிர்ந்துவிடுவார்கள். தகப்பனின் கோட்டுக்குள் ஒளித்துக் கூட்டிச் செல்லாமல், பிள்ளைக்கென்று அளவான மழைக்கோட்டும் தலைக்கவசமும் கொடுக்க வேண்டும்.

நடுக்கம் தொடங்கினாலோ விரல்கள் சொன்னபடி கேட்காவிட்டாலோ, பின்னால் இருப்பவர் பேச்சுக் குறைந்து சோர்ந்தாலோ, ஓட்டத்தை நிறுத்தக் கூரை தேட வேண்டும். ஈர உடுப்பைக் கழற்றி உலர்ந்ததை அணிவதே முதல் மருந்து. சூடான தேநீர் அதற்கு அடுத்தது. பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு சேர்ட்டும் துவாயும் மாரி முழுவதும் வண்டியில் இருப்பது நல்லது.

பராமரிப்பு

ஈரக் கோட்டை மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பொலியூரதேன் பூச்சு, ஈரமும் சூடும் சேர்ந்த இடத்தில் பிசுபிசுத்து உரியத் தொடங்கும். ஆசனத்துக்குக் கீழே நாட்கணக்கில் ஈரமாகக் கிடக்கும் கோட்டுக்கு இதுவே நேர்கிறது. வீடு வந்ததும் நல்ல நீரில் உப்பையும் சேற்றையும் அலசி, விறாந்தை நிழலில் தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். வெயிலில் போடுவதும் அயன் பண்ணுவதும் பூச்சையும் தையல் நாடாவையும் கெடுக்கும். மாரி முடிந்து எடுத்து வைக்கும்போது தளர்வாகச் சுருட்டி வைத்தால் மடிப்பு வெடிக்காது. அடுத்த புரட்டாதியில் எடுத்து, வாளி நீரை மேலே ஊற்றித் தையல்களைச் சோதித்தால், முதல் மழைக்கு முன்பே ஒட்டவேண்டியதை ஒட்டி, மாற்றவேண்டியதை மாற்றிவிடலாம்.